புதிய இரசாயனப் பகுப்பாய்வை இனங்கண்டு ஆதரிப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் ஆய்வுப் பரிசும் நிதியும் வழங்க எண்ணுவோருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்களும், புலம்பெயர்ந்தோர் தம் பெற்றோரின் நினைவாக நிறுவும் அறக்கட்டளைகளும் பாடசாலைக் கட்டடங்களுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் உதவுவதில் நெடுங்காலப் பழக்கம் உள்ளவை. விஞ்ஞான ஆய்வுக்குப் பரிசோ நிதியோ வழங்குவது அவற்றுக்குச் சற்றுப் புதிய பணி. அதிலும் பகுப்பு இரசாயனவியல், பிரயோக இரசாயனவியல் ஆகிய துறைகளில் எது மெய்யாகவே புதியது, எது பழையதற்குப் புதுச்சட்டை போட்டது என்று பிரித்தறிவது துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எளிதன்று. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது. ஓர் ஆய்வு எந்தக் கருவியில் செய்யப்பட்டது, எந்த ஆய்விதழில் வெளியானது என்று விசாரிக்கும் முன், அது தரும் எண்ணை நம்பி ஒரு தோட்டக்காரரோ சுகாதாரப் பரிசோதகரோ முடிவெடுக்கலாமா என்று கேட்க வேண்டும். நிதி கொடுக்கும்போதும், அந்த எண்ணை நம்பத்தக்கதாக்கும் சலிப்பூட்டும் வேலைகளுக்கே முதலில் கொடுக்க வேண்டும். கீழே வருவன யாவும் இந்த ஒரு நோக்கிலிருந்து பிறப்பவை.

கேள்வி எங்கிருந்து வந்தது?

ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்யப்பட்ட காலத்தை அறிந்த மூத்தோருக்குப் பிரயோக இரசாயனவியல் என்றதும் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அது தவறில்லை, ஆனால் இன்று குடாநாட்டில் இத்துறைக்குக் காத்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் கிணற்றடியிலும் தோட்டத்திலும் பனையடியிலும் கிடக்கின்றன. இங்கே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீரைத்தான் குடிக்கவும் இறைக்கவும் நம்பியிருக்கிறோம். செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழிகளின் கசிவும் அந்த நீரில் நைத்திரேற்றாகப் போய்ச் சேர்கின்றன. ஆகவே ஒரு விண்ணப்பத்தை வாசிக்கத் தொடங்கும்போது, இந்த அளவீடு கிடைத்தால் யார், எதை வேறுவிதமாகச் செய்வார் என்று ஒரு வாக்கியத்தில் எழுதித் தரும்படி ஆய்வாளரைக் கேளுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாதவர் திறமையற்றவர் என்பதில்லை. அடிப்படை ஆய்வுக்கு வேறு நியாயங்கள் உண்டு. ஆனால் பிரயோகம் என்ற பெயரில் நிதி கேட்பவர் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

பனங்கட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்பது சந்தையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதிலை நாம் இன்னும் நாக்கிடம்தான் கேட்கிறோம். பனங்கட்டியின் இனிப்பில் பெரும்பகுதியும் கரும்புச் சீனியும் ஒரே சுக்குரோசு ஆதலால், சாதாரண வெல்லச் சோதனைகள் இரண்டையும் பிரித்துக் காட்டா. எனினும் கரும்பு சி4 வகை ஒளித்தொகுப்புச் செய்யும் தாவரம், பனை சி3 வகை. வளியிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து, காபன் அணுவின் சற்றுப் பாரமான வடிவமாகிய காபன்-13 சமதானியை இவ்விரு வகைத் தாவரங்களும் வெவ்வேறு அளவில் உள்வாங்குவதால், சமதானி விகிதத்தை அளந்தால் கலப்படம் வெளிப்படும். தேனில் கரும்புச் சீனி கலந்திருப்பதைக் கண்டறிய உலகெங்கும் வழக்கிலுள்ள முறையும் இதுவே. இதையே பனங்கட்டியில் செய்து பார்த்ததாக ஒரு மாணவர் விண்ணப்பித்தால் தத்துவம் புதியதன்று என்பது உண்மை. ஆனால் கலப்பில்லாத பனங்கட்டியில் அந்த விகிதம் இயல்பாக எவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்பதைப் பல ஊர்களிலிருந்தும், பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தானே நின்று எடுத்த மாதிரிகளால் அவர் நிறுவியிருந்தால், அது பெறுமதியான புதிய அறிவு. அந்த வீச்சுத் தெரியாமல் ஒரு கட்டியைக் காட்டி இது கலப்படம் என்று எவராலும் நிறுவ முடியாது.

இன்னொரு மாணவர் வேறு வழியில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சமதானி விகிதம் அளக்கும் திணிவு நிறமாலைமானி விலை உயர்ந்தது என்பதால், சுத்திகரித்த சீனியில் பொற்றாசியம் மிகக் குறைவு என்ற உண்மையைப் பற்றிக்கொண்டு, ஒரு சாதாரண சுவாலை ஒளிமானியால் பொற்றாசியத்தை அளந்து கலப்படத்தை முதற்கட்டமாக வடிகட்டலாம் என்கிறார். இங்கேதான் தேர்வாளர் கூர்ந்து பார்க்க வேண்டும். பொற்றாசியத்தின் அளவு மண்ணுக்கு மண் மாறுமே என்பதை அவர் எதிர்பார்த்திருக்கிறாரா? கல்சியத்தை ஏன் அளக்கவில்லை என்று கேட்டால், பனையிலிருந்து இறக்கும் கருப்பணி புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுவார்கள், ஆகவே கல்சியம் எதையும் காட்டிக்கொடுக்காது என்று உடனே பதில் சொல்கிறாரா? அப்படிச் சொன்னால் அவர் பொருளை அறிந்து வேலை செய்கிறார். மலிவான கருவி, எல்லைகளை அறிந்த முறை, சந்தேகத்துக்குரியதை மட்டும் மேற்பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாடு: என் கணிப்பில் பரிசு இந்த இரண்டாமவருக்கே சாய வேண்டும்.

சுவரொட்டியின் முன் நின்று கேட்க வேண்டியவை

யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் ஆண்டு அமர்வு போன்ற நிகழ்வுகளில் இளம் ஆய்வாளர்கள் தம் வேலையைச் சுவரொட்டிகளில் விளக்குவார்கள். நிதி வழங்க எண்ணுவோர் அறிக்கைகளை வீட்டிலிருந்து வாசிப்பதைவிட அங்கே போய் நிற்பது நல்லது. கிணற்று நீரின் நைத்திரேற்றைக் கைப்பேசிக் கமராவால் அளக்கும் முறை ஒன்று உங்கள் முன் இருக்கிறது என்று கொள்ளுங்கள். நைத்திரேற்றை நைத்திரைற்றாகத் தாழ்த்தி, 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட கிறீஸ் தாக்கத்தால் அதை இளஞ்சிவப்புச் சாயமாக்கி, நிறத்தின் செறிவைப் படம் பிடித்து அளவாக மாற்றுவதே அதன் தத்துவம். தாழ்த்துவதற்கு வழமையாகப் பயன்படும் கட்மியம் நச்சுத்தன்மை உடையது. மாணவர் நாகத்தூளைப் பயன்படுத்தியிருந்தால் அது பாராட்டத்தக்க மாற்றம். ஆனால் நாகம் நைத்திரைற்றோடு நின்றுவிடாமல் அதையும் மேலும் தாழ்த்திவிடக்கூடியது ஆதலால், எத்தனை நிமிடத்தில் வடிக்கிறார், நேரம் தவறினால் எண் எவ்வளவு விழுகிறது என்று கேளுங்கள்.

அடுத்து, அளவுதிருத்த வரைபைப் பாருங்கள். செறிவு தெரிந்த நியமக் கரைசல்களின் புள்ளிகள் நேர்கோட்டில் அழகாக அமர்ந்திருக்கும், ஓரத்தில் 0.999 என்று ஒட்டுறவு எழுதப்பட்டிருக்கும். அதில் மயங்க வேண்டாம். புள்ளிகள் இலீற்றருக்கு 5 முதல் 40 மில்லிகிராம் வரை இருக்க, கிணறுகளின் பெறுமானம் 80 என்று அட்டவணையில் நின்றால், மாதிரி ஐதாக்கப்பட்டதா அல்லது கோடு இல்லாத இடத்துக்கு நீட்டப்பட்டதா என்பது முதற் கேள்வி. மாதிரி சேர்க்காமல் எல்லாப் பொருள்களும் இட்டுச் செய்த வெற்றுச் சோதனை என்ன பெறுமானம் தந்தது என்பது அடுத்தது. அளவு தெரிந்த நைத்திரேற்றை வடித்த நீரில் அன்றி, அதே கிணற்று நீரிலேயே சேர்த்து அளந்தபோது சேர்த்ததில் எத்தனை வீதம் திரும்பக் கிடைத்தது என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. 100க்கு 60தான் திரும்பியது என்றால் அந்த நீரில் ஏதோ ஒன்று முறையைக் கெடுக்கிறது என்று பொருள். கரையோரக் கிணறுகளில் குளோரைட்டு மிகுதி. நைத்திரேற்று மின்வாயைக் கொண்டு அளக்கும் முறைகளில் குளோரைட்டு குறுக்கிடுவது எல்லோரும் அறிந்தது. வலிகாமத்து நீரில் சரிவரும் முறை தீவகத்து நீரிலும் சரிவருமா என்று சோதிக்காமல் அதைக் குடாநாட்டுக்கே உரிய முறை என்று அழைக்கக் கூடாது. கைப்பேசிக் கமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும் என்பதால், மூடிய பெட்டிக்குள் படம் எடுத்தாரா, வேறொரு கைப்பேசியில் என்ன வந்தது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் தருபவரைச் சந்தேகத்தோடு பாருங்கள். அமெரிக்கப் பகுப்பாய்வாளர் வில்லியம் ஹோர்விற்ஸ் 1980இல் பல ஆய்வுகூடங்களின் பெறுபேறுகளை ஒப்பிட்டு, செறிவு குறையக் குறைய ஆய்வுகூடங்களுக்கிடையிலான விலகல் ஓர் ஒழுங்கோடு கூடுகிறது என்று காட்டினார். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற மட்டத்தில் ஏறத்தாழ 9 வீதமும், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற மட்டத்தில் 16 வீதமும், நூறு கோடியில் ஒரு பங்கில் 45 வீதமும் விலகல் எதிர்பார்க்கத்தக்கது என்பது அவரது சூத்திரத்தின் விளைவு. தன் எண்ணின் நிச்சயமின்மையை நேர்மையாக எழுதும் மாணவர், துல்லியம் என்று முழங்குபவரைவிட முன்னேறியவர்.

அலகைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறிக்கும் வழிகாட்டு அளவு, நைத்திரேற்று அயனாகக் கணக்கிட்டால் இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் கணக்கிட்டால் சுமார் 11. ஓர் அறிக்கை 12 என்று சொல்லி அலகை விளக்காமல் விட்டால், நைதரசனாக அளக்கப்பட்ட அந்தப் பன்னிரண்டு 53க்குச் சமம் என்பதை அறியாத வாசகர், கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க அந்த நீரையே எடுப்பார். எல்லையைத் தாண்டிய நைத்திரேற்றால் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கும் அபாயம் இருப்பதனால்தான் அந்த எல்லையே வகுக்கப்பட்டது. அலகைத் தெளிவாக எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

சுன்னாகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது

சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட ஆய்வறிக்கைகள் பொதுவெளிக்கு வந்ததையும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்ததையும் இங்கே எல்லோரும் அறிவர். நிதி வழங்குவோர் அதில் கவனிக்க வேண்டியது பகுப்பாய்வின் பக்கம். எண்ணெயும் கிறீசும் என்று அறிக்கையில் வரும் எண், எந்தக் கரைப்பானால் பிரித்தெடுத்து எந்த முறையால் அளந்தோம் என்பதைப் பொறுத்தே பொருள்படும். முறை மாறினால் எண்ணும் மாறும். மாதிரியைப் பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடிப் போத்தல் வேண்டும். நைத்திரேற்று மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். உலோகங்களுக்கான மாதிரிக்கு எடுத்தவுடன் நைத்திரிக்கமிலம் சேர்க்க வேண்டும். எந்தக் கிணறு, எந்த நேரம், நீர் இறைத்தபின் எடுத்ததா, யார் எடுத்தார், யாரிடம் கையளித்தார் என்ற தாள் இல்லாத முடிவு வழக்கிலும் நிற்காது, ஆய்விலும் நிற்காது. ஆகவே மாதிரி எடுக்கும் முறையையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட விண்ணப்பம் வந்தால், கவர்ச்சி இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

யாரை, எதை வைத்து மதிப்பிடுவது?

ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணைக் கொண்டு ஒரு தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் உலகெங்கும் பல நிறுவனங்களால் ஏற்கப்பட்டுள்ளது. பரிசு விதிகளிலும் அதையே எழுதிவைக்கலாம். பணம் செலுத்தினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பெருகிவிட்ட காலத்தில், வெளியீடுகளின் எண்ணிக்கையை எண்ணிப் புள்ளி வழங்குவது அந்த வியாபாரத்துக்கு நாமே உரம் போடுவதாகும். விண்ணப்பதாரர் தமது மிகச் சிறந்த ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, அதில் தாம் கையால் செய்த பகுதி எது, மேற்பார்வையாளர் செய்தது எது, ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தர் செய்தது எது என்று பிரித்து எழுதட்டும்.

அந்தத் தொழினுட்ப உத்தியோகத்தரையும் பரிசுப் பட்டியலில் சேருங்கள். பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் திணிவு நிறமாலைமானியில் அளக்க வழிகண்டு 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொய்ச்சி தனக்கா, கலாநிதிப் பட்டம் இல்லாமல் கியோத்தோவின் ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். தவறுதலாகக் கிளிசரினில் கலந்துவிட்ட கோபாற்றுத் தூளை எறிந்துவிடாமல் அளந்து பார்த்ததுதான் திருப்பம். பட்டத்தின் உயரத்தை வைத்து விண்ணப்பத் தகுதியை வரையறுக்கும் குழு அத்தகைய ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கும்.

தேர்வாளர் விடயத்தில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. தலைப்பை வாசித்தவுடனேயே இது யாருடைய மாணவர் என்று தெரிந்துவிடும் அளவுக்கு இங்கே வட்டம் சிறியது. பெயரை மறைத்து மதிப்பிடுவது பெயரளவில்தான் நடக்கும். அதற்கு மாற்றாக, குழுவில் ஒருவர் பேராதனையிலோ கொழும்பிலோ பணியாற்றும் பகுப்பு இரசாயனவியலாளராகவும், ஒருவர் தொழிலில் அன்றாடம் மாதிரி அளப்பவராகவும், ஒருவர் முடிவைப் பயன்படுத்தப்போகும் விவசாயியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ ஆகவும் இருக்கட்டும். மேற்பார்வை செய்தவரும் உறவினரும் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்ற விதியை முன்கூட்டியே எழுதிவைத்தால் எவருக்கும் மனத்தாங்கல் வராது. வெளியிலிருந்து ஆலோசகர் தேவைப்படுவோர் 1941இல் தொடங்கி இயங்கிவரும் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தை அணுகலாம்.

பணம் எதற்கு?

நாடா வெட்டிப் பெயர்ப்பலகை பதிக்கக்கூடியது என்பதால் கருவி அன்பளிப்பு எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் உலோகங்களை அளக்கும் ஓர் அணு உறிஞ்சல் நிறமாலைமானியை எடுத்துக்கொண்டால், அளக்கும் மூலகத்துக்கு ஏற்ப விளக்கு வேண்டும். அசற்றலீன் வாயு உருளை தீரத் தீர வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் பாதுகாப்பு வேண்டும். பழுதானால் பொறியியலாளர் 400 கிலோமீற்றர் தாண்டி வர வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் வந்த கருவி, உறை போட்ட நிலையில் ஆய்வுகூட மூலையில் கிடக்கும். குறைந்தது ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவைச் சேர்த்துக் கொடுக்க இயலாவிட்டால் கருவி கொடுக்க வேண்டாம் என்பதே என் துணிபு. அந்தப் பணத்தில், திருநெல்வேலியில் அமைந்த யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரின் விவசாய பீடத்திலோ, கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனத்திலோ ஏற்கெனவே இருக்கும் கருவியை மற்ற நிறுவனத்து மாணவர் பயன்படுத்துவதற்கான கட்டணத்தைச் செலுத்தலாம்.

பொதுவாக எவரும் நிதி தராத செலவுகள்தான் எண்ணை நம்பத்தக்கதாக்குகின்றன. உள்ளடக்கத்தின் அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் ஒரு சிறு குப்பியே ஆனாலும் விலை கூடியது. அது இல்லாமல் தம் முறையின் செம்மையை மாணவர் நிறுவ முடியாது. ஒரே மாதிரியைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடும் திறன்சோதனைகளில் பங்குபற்றும் கட்டணம், சோதனை ஆய்வுகூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேசத் தராதரத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் பத்தில் ஒரு மாதிரியை மீளச் சோதிக்கும் செலவு, குளிர்ப்பெட்டியோடு மாதிரி கொண்டுவரும் வாகனச் செலவு ஆகியவற்றையும் இதில் சேர்க்கலாம். வேறொருவர் வெளியிட்ட முறையை நமது நீரில் மீளச் செய்து, அது இங்கே சரிவரவில்லை என்று காட்டும் வேலைக்கென ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள். அத்தகைய முடிவைப் பல ஆய்விதழ்கள் விரும்புவதில்லை. தோட்டக்காரருக்கு அது பணமும் காலமும் மிச்சம்.

பணத்தை மாணவரின் கையில் கொடுக்காமல் நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊடாக, தவணைகளாக வழங்குங்கள். ஒப்பந்தத்தில் நான்கு நிபந்தனைகள் போதும். மூலத்தரவு எவரும் பார்க்கக்கூடியவாறு வைக்கப்பட வேண்டும். கிணற்றின் முடிவு முதலில் கிணற்றுக்காரரிடம் கூறப்பட வேண்டும். அவரது சம்மதம் இல்லாமல் வீட்டை அடையாளம் காட்டும் வரைபடம் வெளிவரக் கூடாது. முடிவின் சுருக்கம் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டுப் பிரதேச சபைக்கும் சனசமூக நிலையத்துக்கும் போக வேண்டும். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த ஊரில், ஒரு நீர்ப்பரிசோதனை முடிவைத் தமிழில் எழுதுவது கடினம் என்ற சாக்கை ஏற்க வேண்டியதில்லை.

கடைசியாக நாட்காட்டி. நைத்திரேற்றும் உவர்த்தன்மையும் பருவத்தோடு மாறுவன. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர் வரை பெய்கிறது. மழைக்கு முன் ஒரு தடவையும், மழை முடிந்த பின் ஒரு தடவையும் ஒரே கிணறுகளில் மாதிரி எடுக்காத ஆய்வு பாதி ஆய்வே. ஆகவே விண்ணப்பத்தைச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கோரி, யூனில் தேர்வை முடித்து, முதல் தவணையை யூலை இறுதிக்குள் விடுவித்தால், போத்தல்களும் நியமக் கரைசல்களும் வந்து சேர்ந்து, செப்டெம்பரில் கிணறுகள் தாழ்ந்திருக்கும்போது மாதிரி எடுக்க முடியும். இரண்டாம் தவணையைத் தை மாதத்து மாதிரிகள் ஆய்வுகூடத்தில் பதியப்பட்ட பின் கொடுங்கள். பரிசளிப்பு விழாவை மார்கழியில் வைக்கும் வழக்கமுள்ள சங்கங்கள், அந்த ஆண்டின் ஆய்வுக்கு அன்றி முந்திய ஆண்டின் ஆய்வுக்குப் பரிசு வழங்குவதாக விதியை மாற்றிக்கொள்ளலாம்.